படைப் பதக்க எழுத்துகளும் பழைய சீருடை நிழற்படங்களும்: அடையாளம் காண்பதில் மொழியியலின் பங்கு

0. முன்னுரை

பழைய படைப் பதக்கங்களையும் சீருடை அணிந்த படைவீரர்களின் நிழற்படங்களையும் திரட்டுவது பொழுதுபோக்காகவே பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளது. படைவரலாற்றாசிரியர்களும் நாணயவியலாரும் இவற்றைச் சான்றுகளாகக் கொண்டுள்ளனர்; மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவற்றின்பால் போதிய கவனம் செலுத்தவில்லை. ஆயினும் ஒரு பதக்கத்தின் முகப்பு, பின்புறம், விளிம்பு ஆகிய மூன்றிலும் எழுத்து உண்டு. சென்னை மாகாணப் படையில் பணியாற்றிய சாதாரணச் சிப்பாய் ஒருவரைப் பற்றி எஞ்சியிருக்கும் எழுத்துச் சான்று பல நேரங்களில் அவ்விளிம்பிலுள்ள ஒற்றை வரியே ஆகும். அவ்வரியைப் பிழைபடப் படித்தால் அம்மனிதர் வரலாற்றிலிருந்து மறைந்துவிடுகிறார், அல்லது வேறொருவராகிவிடுகிறார். அவ்வரியைப் படிக்கும் முறையினையும், அதற்கு நிழற்படம் துணைநிற்கும் வகையினையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகின்றது.

1. முகப்பின் மொழி

கிழக்கிந்தியக் கும்பினி தன் இந்தியப் படைவீரர்க்கு வழங்கிய தொடக்ககாலப் பதக்கங்களில் பாரசீக மொழி இடம்பெற்றது. 1784ஆம் ஆண்டுத் தக்காணப் பதக்கம், 1790-92 மைசூர்ப் போருக்கான பதக்கம், 1801 எகிப்துப் பதக்கம், 1811 ஜாவாப் பதக்கம், 1824-26 பர்மாப் பதக்கம் ஆகியவை இவ்வகையின. பதக்கத்தைப் பெற்றவருட் பலருக்குப் பாரசீகம் தாய்மொழியன்று. படிக்கத் தெரிந்த மொழியுமன்று. ஆட்சிமொழி என்னும் மதிப்பே அதனைப் பதக்கத்தில் ஏற்றியது.

இவற்றுள் மொழிபெயர்ப்பாளர் சிறப்பாக நோக்கத் தக்கது சீரங்கப்பட்டணப் பதக்கம். 1799 மே 4ஆம் நாள் அக்கோட்டை வீழ்ந்ததன் நினைவாக இது அமைக்கப்பட்டது. இதனை வடிவமைத்தவர் கியூக்ளர். அச்சிட்டது பர்மிங்காமை அடுத்த சோஹோ நாணயச்சாலை. பதவிக்கேற்பப் பொன், பொன்முலாமிட்ட வெள்ளி, வெள்ளி, வெண்கலம், ஈயக்கலவை என உலோகம் வேறுபட்டது. முகப்பில் பிரித்தானியச் சிங்கம் திப்பு சுல்தானின் சின்னமாகிய புலியை வீழ்த்துகின்றது. மேலே பறக்கும் கொடியில் 'அஸத் அல்லாஹ் அல்-காலிப்' என்னும் அரபுத் தொடர் உள்ளது. 'இறைவனின் சிங்கமே வெல்வது' என்பது அதன் பொருள். இதே தொடரைத் திப்பு தம் படைக்கலங்களில் புலிமுக வடிவிலான எழுத்தோவியமாகப் பொறித்திருந்தார். 'அஸத்' என்னும் சொல்லின் நேர்ப்பொருள் சிங்கம். திப்புவின் அவையிலோ அது புலியின் உருவோடு இணைந்து நின்றது. பகைவரின் முழக்கத்தையே எடுத்து, சொல்லின் நேர்ப்பொருளைப் படத்தால் மீட்டு, வென்றவர் தம்முடையதாக்கிக்கொண்டனர். தொடரை மட்டும் மொழிபெயர்ப்பவருக்கு இந்நுட்பம் புலப்படாது. படத்தையும் தொடரையும் ஒருங்கே படிப்பவருக்கே புலப்படும்.

1837இல் இயற்றப்பட்ட 29ஆம் சட்டம் பாரசீகத்தின் ஆட்சிமொழி நிலையை நீக்க வழிவகுத்தது. அதே ஆண்டுக் குடகுக் கலகத்தை அடக்க உதவியோருக்கு அளிக்கப்பட்ட பதக்கத்தில் கன்னடம் இடம்பெற்றது. திராவிட மொழியொன்று இவ்வாறு பதக்கமேறியது அருகிய நிகழ்ச்சி. 1842இல் முடிந்த ஆப்கானிய, சீனப் போர்களுக்கான பதக்கங்களில் ஆங்கிலமும் இலத்தீனுமே காணப்படுகின்றன. ஆயினும் 1903, 1911ஆம் ஆண்டுகளின் தில்லி தர்பார்ப் பதக்கங்களில் பாரசீகம் மீண்டும் தோன்றுகின்றது. ஆட்சியிலிருந்து விலக்கப்பட்ட மொழி சடங்கின் மொழியாகத் திரும்பி வந்தமையை இது காட்டுகின்றது. எனவே முகப்பின் மொழியை மட்டும் கொண்டு காலத்தை வரையறுத்தல் பொருந்தாது.

2. விளிம்பின் மொழி

விளிம்பு வரி பொதுவாக எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்னும் வரிசையில் உரோமன் எழுத்தில் அமையும். சில அச்சுக்குத்தி பதிக்கப்பட்டவை. சில கையால் செதுக்கப்பட்டவை. பெயரே பொறிக்கப்படாத பதக்கங்களும் உண்டு.

2.1 பதவி

சிப்பாய், சுபேதார் ஆகியவை பாரசீக வழியும், அவில்தார் அரபு-பாரசீக வழியும் வந்தவை. நாயக் என்பது வடமொழி 'நாயக' என்பதன் வழிவந்தது. இச்சொல்லே மிகுதியான மயக்கத்திற்கு இடமளிப்பது. பழைய ஆவணங்களில் இது பலவாறு எழுதப்பட்டது. தமிழில் பெயர்க்குங்கால் இதனை 'நாயக்கர்' என்று கொண்டால் இரண்டு கோடு அணிந்த படைப்பதவி ஒரு சாதிப்பட்டமாக மாறிவிடுகின்றது. விளிம்பு வரியில் எண்ணை அடுத்துப் பெயருக்கு முன் நிற்பது பதவி; பெயருக்குப் பின் நிற்பதே பட்டமாதல் கூடும். இடமே இங்குப் பொருளைத் துணிகின்றது.

போரிடாத பணியாளரின் பதவிப் பெயர்கள் மேலும் கவனத்திற்குரியவை. பக்காலி (தண்ணீர் சுமப்பவர்), லஸ்கர், தண்டல், மேஸ்திரி, டோலி சுமப்பவர், குதிரைக்காரர் முதலியோரும் பதக்கம் பெற்றனர். 1854ஆம் ஆண்டு இந்தியப் பொதுப்பணிப் பதக்கம், 1885-87 பர்மாப் போர் தொடங்கி, இத்தகையோர்க்கு வெண்கலத்திலும் போர்வீரர்க்கு வெள்ளியிலும் வழங்கப்பட்டது. முதல் உலகப்போரின் பிரித்தானியப் போர்ப் பதக்கமும் பெரும்பாலோர்க்கு வெள்ளியிலும், தொழிலாளர் படைகளைச் சேர்ந்த பலருக்கு வெண்கலத்திலும் அளிக்கப்பட்டது. ஆகவே உலோகமும் பதவிச் சொல்லும் ஒன்றையொன்று சரிபார்க்க உதவும். 'மேஸ்திரி' போர்த்துக்கீசிய வழிச் சொல். 'தண்டல்' தென்னிந்தியக் கடற்றொழில் வழக்கு. இவற்றையெல்லாம் 'பணியாளர்' என ஒரே சொல்லால் பெயர்ப்பது சான்றினை அழிப்பதற்கு ஒப்பாகும்.

2.2 பெயர்

பெயரைத் திரும்பத் தமிழாக்குவதே இத்துறையின் கடினமான பகுதி. உரோமன் எழுத்தில் ல, ள, ழ வேறுபாடும் ன, ண வேறுபாடும் ர, ற வேறுபாடும் மறைந்துவிடுகின்றன. உயிர்க்குறில் நெடில் வேறுபாடும் நிலையாகக் காட்டப்படுவதில்லை. அன்றியும் இருவேறு எழுத்துமுறைகள் குறுக்கிடுகின்றன. பழைய முறையில் உகரத்தை இரட்டை 'ஓ' குறித்தது; 'யூ' என்னும் எழுத்து அகரத்தைக் குறித்தது. 1870களில் அரசு ஏற்றுக்கொண்ட ஹண்டர் முறையில் 'யூ' உகரத்தையும் 'ஏ' அகரத்தையும் குறிக்கலாயின. ஆனால் படைப்பிரிவுகளின் எழுத்தர்கள் பழைய முறையை நெடுநாள் கைவிடவில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 'கே, யூ, பி, பி' எனத் தொடங்கும் பெயர் ஹண்டர் முறைப்படி 'குப்பன்'. பழைய முறைப்படி 'கப்பன்'. 'எம், டபிள் ஓ, டி, டபிள் ஓ' என்பதை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் 'மூட்டூ' என்னும் பொருளற்ற சொல் கிடைக்கும். அது 'முத்து' என்பதே. 'எம், ஏ, ஆர், ஐ' என்பது 'மாரி' ஆகலாம், 'மரி' ஆகலாம். முன்னது அம்மன் வழிபாட்டையும் பின்னது கிறித்தவ சமயத்தையும் சுட்டும். ஓர் உயிரெழுத்தின் அளவு ஒருவரது சமயத்தையே மாற்றிவிடுகின்றது. இத்தகைய இடங்களில் இரண்டு வாசிப்புகளையும் தருவதே நேர்மையான முறை. படைப்பிரிவின் பதக்கப் பட்டியலோ ஊர்ப்பெயரோ கிடைத்தபின் ஒன்றைத் துணியலாம்.

2.3 படைப்பிரிவு

மாகாணப் படைகள் 1895இல் ஒன்றாக்கப்பட்டன. 1903இல் கிச்சனரின் சீரமைப்பின்போது சென்னைக் காலாட்படைப் பிரிவுகளின் பழைய எண்ணோடு பொதுவாக 60 கூட்டப்பட்டது. 3ஆம் பிரிவு 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையாகவும், 13ஆம் பிரிவு 73ஆம் கர்நாடகக் காலாட்படையாகவும் ஆயின. இங்குக் 'கர்நாடகம்' என்பது ஆர்க்காடு சார்ந்த பழைய நிலப்பகுதியைக் குறிக்கும். இன்றைய மாநிலத்தை அன்று. 16ஆம் சென்னைப் பிரிவோ 76ஆம் பஞ்சாபியர் படையாயிற்று. எனவே எண் தொடர்ந்தாலும் ஆட்கள் தொடர்ந்தனர் என்று கொள்வதற்கில்லை. 'மெட்ராஸ்' என விளிம்பில் இருப்பதனால் அவர் தமிழர் என்பதும் பெறப்படாது. அப்படையில் தமிழரோடு தெலுங்கரும், பல மொழி பேசிய இசுலாமியரும் இருந்தனர்.

3. நிழற்படம்

படையுடை நிழற்படமும் ஒருவகையில் மொழிபெயர்ப்பே. நிறங்களைச் சாம்பல் அளவுகளாகப் பெயர்ப்பது அது. அம்மொழிபெயர்ப்பின் இலக்கணத்தை அறியாமல் அதனைப் படித்தல் இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் படத்தகடுகள் நீலத்தை வெளிறியதாகவும் சிவப்பைக் கருமையாகவும் பதிந்தன. ஆதலின் கருமையாகத் தோன்றும் மேற்சட்டை செந்நிறமாக இருந்திருக்கலாம். 1882ஆம் ஆண்டு எகிப்துப் பதக்கத்தின் நாடாவில் மூன்று நீலக் கோடுகளும் இரண்டு வெள்ளைக் கோடுகளும் உண்டு. படத்தில் அது ஏறத்தாழ ஒரே வெண்ணாடாவாகத் தோன்றக்கூடும். அப்போரில் சென்னைச் சாப்பர்கள் பங்கேற்றனர். அத்தகைய வெளிறிய நாடாவை அடுத்து ஐந்துமுனை விண்மீன் ஒன்று தொங்குமாயின் அது எகிப்திய கெடீவ் அளித்த வெண்கல விண்மீன் எனக் கொள்ள இடமுண்டு. அதன் முகப்பில் அரபு எழுத்தும் ஆங்கிலமும் உள. படத்திலிருப்பவர் சாப்பர்களுக்கே உரிய 'துப்தா' என்னும் தலைப்பாகையை அணிந்திருப்பின் முடிபு மேலும் வலுப்பெறும்.

பதக்கம் வலமார்பில் தோன்றினால் ஐயுற வேண்டும். தகரத்தகட்டிலும் கண்ணாடியிலும் நேரடியாக எடுக்கப்பட்ட படங்கள் இடவலம் மாறி அமைவன. பொத்தான்களின் பக்கம் இதனை உறுதிப்படுத்தும். படத்தின் காலம் அதிலுள்ள கடைசிப் பதக்கம் வழங்கப்பட்ட காலத்திற்கு முற்பட்டதாகாது. போர் நடந்த ஆண்டை வழங்கிய ஆண்டாகக் கொள்ளலாகாது. 1803-1826 காலப் போர்களுக்கான இந்தியப் படைப் பதக்கம் 1851இல்தான் ஏற்படுத்தப்பட்டது. அப்போது உயிரோடிருந்தோரே அதற்கு உரிமை கோர முடிந்தது.

4. திரட்டலும் பதிவும்

வெள்ளிப் பதக்கங்கள் பல எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் விளிம்பைத் தேய்த்து வேறு பெயர் பொறித்தவையும் உண்டு. ஒரு பதக்கத்தின் விட்டத்தை, சுற்றிலும் பல இடங்களில் அளந்து, அதே வகையிலான ஐயமற்ற பதக்கத்தோடு ஒப்பிட்டால் தேய்மானம் புலப்படும். எழுத்தின் வடிவும் அக்காலத்திற்கு ஒத்திருத்தல் வேண்டும். பதக்கத்தை மெருகேற்றித் துலக்குவது எழுத்தை அழிக்கும், அதனைச் செய்யலாகாது. நூறாண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் எல்லைக்குள் வருதலையும் திரட்டுவோர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பதிவுமுறை மூன்று அடுக்காக அமைவது நன்று. முதலாவது, விளிம்பிலுள்ளதை எழுத்துப் பிசகாமலும் சுருக்கங்களை விரிக்காமலும் படியெடுத்தல். இரண்டாவது, ஒலி நோக்கிய தமிழ் வாசிப்பு. மாற்று வாசிப்புகள் உடன் தரப்படல் வேண்டும். மூன்றாவது, பட்டியல், நிழற்படம், குடும்ப வழக்கு ஆகியவற்றால் பெறும் அடையாளம். மூன்றாவது அடுக்கின் முடிவைக் கொண்டு முதல் அடுக்கைத் திருத்துதல் கூடாது.

5. முடிவுரை

'பதக்கம்' என்னும் தமிழ்ச்சொல் மாலையிலோ சங்கிலியிலோ கோத்த மணிபதித்த அணியைக் குறித்தது. பின்னரே படைமதிப்பைக் குறிக்கலாயிற்று. பொருளின் வரலாறும் சொல்லின் வரலாறும் இவ்வாறு இணைந்தே செல்கின்றன. பாரசீகம், கன்னடம், இலத்தீன், ஆங்கிலம் எனப் பல மொழிகள் இப்பதக்கங்களில் ஏறின. 1950இல் நிறுவப்பெற்ற பரம் வீர் சக்கரத்தின் பின்புறம் இந்தியும் ஆங்கிலமும் தாங்கியது. தமிழ்ச் சிப்பாய் ஒருவரின் பெயர் மட்டும் அயல் எழுத்தின் வழியே நமக்கு வந்து சேர்ந்துள்ளது. அப்பெயரை அவரது தாய் அழைத்த ஒலிக்கு மீட்பது மொழியியலார் ஆற்றக்கூடிய பணி. அவர் ஆற்றாவிடின் பிறர் ஆற்றவியலாத பணியுமாகும்.