வலிப்பு எங்கே தொடங்குகிறது?

தலையில் ஷெல் துண்டு பட்டவருக்கு, காயம் ஆறிப் பல ஆண்டுகளின் பின்னும் வலிப்பு வரலாம். அது எந்த வகை என்பதைப் பொறுத்தே மருந்து.

மூளையின் ஒரு பகுதியில் தொடங்கினால் குவிய வலிப்பு. இரு பக்கமும் சேர்ந்து தொடங்கினால் பொது வலிப்பு. சில வேளை தொடக்கம் தெரிவதில்லை. கைகால் வெட்டாமல், சில நொடிகள் வெறித்துப் பார்ப்பதும் வலிப்பாக இருக்கலாம்.

சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் 2017 வகைப்பாடு, காரணங்களை ஆறாகப் பிரிக்கிறது: கட்டமைப்பு, மரபணு, தொற்று, வளர்சிதைமாற்றம், நோயெதிர்ப்பு, அறியப்படாதவை. ஷெல் விட்ட வடு கட்டமைப்புக் காரணம். இதில் வருவது பெரும்பாலும் குவிய வலிப்பு. அதற்கு உதவும் கார்பமசெபைன், சில பொது வலிப்புகளைக் கூட்டிவிடும்.

திகனவிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்குப் போகும்போது, வலிப்பை நேரில் கண்டவரையும் கூட்டிச் செல்லுங்கள். முதலில் எந்தக் கை துடித்தது என்பதை அவரே சொல்ல முடியும்.