பரவையார் திருமணம்

மணம் புரிதற்கு உரியார் யார் என்னும் வினா எழும்போதெல்லாம் நாம் திருவாரூரையே நினைக்கிறோம். ஆதிசைவ அந்தணராகிய நம்பியாரூரர், உருத்திர கணிகையர் மரபில் வந்த பரவையாரைக் கண்டு காதல் கொண்டார். பெருமான் தம் அடியார்க்கு உணர்த்த, அவர்களே கூடி மணவினையை நிறைவேற்றினர். ஊடல் நேர்ந்தபோது அப்பெருமானே நள்ளிரவில் இருமுறை தூது நடந்தார். இதனைப் பாடிய சேக்கிழார் குலவேற்றுமையைத் தடையாகக் காட்டினார் அல்லர்.

பரவையார் கயிலையில் கமலினியாராக இருந்தவர். அவர் வரலாறு ஏனையோர்க்குப் பொருந்தாது என்பாரும் உளர். கயிலைத் தொடர்பு மெய்யே. ஆயினும் மணம் நிகழ்ந்தது திருவாரூர் மண்ணில், அடியார் திருக்கூட்டத்தின் நடுவே அன்றோ?

கல்வெட்டுகளும் நமக்குத் துணை நிற்கின்றன. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டிரைக் குடியமர்த்தினான். சங்கிலியார் மணம் நிகழ்ந்த திருவொற்றியூரிலோ, சதுரன் சதுரி என்னும் தேவரடியாளை ஒருவனுடைய மனைவி என்றே ஒரு சோழர்காலக் கல்வெட்டுக் கூறுகிறது.

பிற்காலத்தார், பொட்டுக்கட்டப்பட்டவள் இறைவனுக்கே உரியவள், அவளுக்கு வேறு மணம் ஆகாது என்றனர். அத்தடையைச் சமயத்தின் பெயராலேயே காத்தனர் என்பதுதான் நம்மை வருத்துகிறது. மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் 1930இல் சென்னைச் சட்டமன்றத்தில் இவ்வழக்கத்தை ஒழிக்க மசோதா கொணர்ந்தார். 1947ஆம் ஆண்டுச் சட்டமே பொட்டுக்கட்டுதலை விலக்கி, முன்னரே பொட்டுக்கட்டப்பட்டவளும் முறைப்படி மணம் புரியலாம் என விதித்தது. இடையே 17 ஆண்டுகள் கழிந்தன.