மேலெழுந்த பின் எஞ்சின் செயலிழப்பு: சிறிய இரட்டை எஞ்சின் பயிற்சி விமானங்கள்

சிறிய இரட்டை எஞ்சின் விமானம் தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் ஓர் எஞ்சின் நின்றால், இன்னொன்று இருக்கிறதே என்ற ஆறுதல் பெரும்பாலும் பொய்யாகிவிடும். அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள பைப்பர் பிஏ-44 செமினோலை எடுத்துக்கொள்வோம். அதில் 180 குதிரைத்திறன் கொண்ட லைகமிங் எஞ்சின்கள் இரண்டு. முழு எடையான 3,800 பவுண்டில், கடல்மட்டத்தில், இரண்டும் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 1,300 அடி ஏறும். ஒன்று நின்றால் 200 அடியைச் சற்றே தாண்டும். பாதித் திறன் போனால் ஏற்றத்திலும் பாதிதானே குறைய வேண்டும் என்று தோன்றும். ஆனால் உயரம் இழக்காமல் பறப்பதற்கே கணிசமான திறன் தேவை. அதற்குப் போக மிஞ்சுவதுதான் ஏற்றம். இழப்பு முழுவதும் அந்த மிச்சத்தில் கழிவதால் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மறைந்துவிடுகிறது. எஞ்சிய 200 அடிக்கும் நிபந்தனைகள் உண்டு: சக்கரங்கள் உள்ளே போயிருக்க வேண்டும், வேகம் வேகமானியின் நீலக்கோடு காட்டும் 88 நாட் (knot) அளவில் நிற்க வேண்டும், நின்ற எஞ்சினின் ப்ரொப்பெல்லர் அலகுகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டும்படி திருப்பப்பட்டிருக்க வேண்டும். சுழற்சி நிமிடத்துக்கு 950-க்குக் கீழே விழுந்துவிட்டால் அலகுகள் திரும்பவும் மாட்டா. கடும் வெயிலில், மேட்டு நிலத்து ஓடுபாதையில் அந்த 200 அடியும் கிடைக்காது. இந்த வகைப் பிஸ்டன் விமானங்கள் ஒற்றை எஞ்சினில் ஏறியே ஆகவேண்டும் என்று அமெரிக்கத் தகுதிச் சான்று விதிகளும் நெடுங்காலம் கோரவில்லை.

ஆகவே ஓர் எஞ்சினில் பறக்கும் திறமையை விட, பறப்பதை எப்போது கைவிடுவது என்ற தீர்மானமே இப்பயிற்சியில் முதலிடம் பெறவேண்டும். ஏறாத விமானத்தை ஏற்ற மூக்கை உயர்த்தினால் வேகம் சரியும். வேகமானியின் செங்கோடு குறிக்கும் 56 நாட் அளவை நெருங்கும்போது, ஓடும் எஞ்சினின் இழுப்பை வால் சுக்கானான ரட்டரால் ஈடுகட்ட முடியாமல் விமானம் நின்ற எஞ்சின் பக்கமாகத் திரும்பிப் புரளும். தாழ்வான உயரத்தில் அதிலிருந்து மீள இடமில்லை. இரண்டு த்ராட்டில்களையும் மூடி, கட்டுப்பாட்டோடு எதிரே உள்ள வயலில் இறங்குவது இதைவிட எவ்வளவோ மேல். ஒற்றை எஞ்சின் விமானிக்கு இந்த முடிவைத் தவிர வேறு வழியில்லை. இரட்டை எஞ்சின் விமானியையோ ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் ஆசை காட்டித் தடுக்கிறது.

செயலிழப்பு நிஜமாக நேரும் தாழ்வான உயரத்தில் பழகாதவருக்கு நிஜமான பதற்றம் எப்படிப் பழகும் என்று பயிற்றுநர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதிக உயரத்தில் எஞ்சினின் திறன் குறைவதால் பக்கவாட்டு இழுப்பும் மென்மையாகவே தெரியும் என்பதும் உண்மை. ஆனால் தாழ்வான உயரத்தில் போலிச் செயலிழப்பை உண்டாக்கினால், மாணவர் தவறான ரட்டரை மிதிக்கும் கணத்தில் போலி நிஜமாகிவிடும். அதனால்தான் 400 அடிக்குக் கீழே இதைச் செய்யக்கூடாது என்றும், எஞ்சினை உண்மையாகவே நிறுத்துவதற்கு 3,000 அடியாவது வேண்டும் என்றும் அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 3,000 அடிக்குக் கீழே த்ராட்டிலைக் குறைத்துப் பாவனை செய்வதே முறை. பதற்றத்தைப் பழக்க சிமுலேட்டர் இருக்கிறது. அதில் 50 அடியில் எஞ்சினை நிறுத்தி, தவறு செய்யவிட்டு, மறுபடியும் ஓடுபாதை முனையிலிருந்து தொடங்கலாம். ஓடுபாதையின் எந்த இடம் வரை நிறுத்துவேன், எதற்குப் பின் தொடர்வேன், எந்த நிலையில் இரண்டு த்ராட்டில்களையும் மூடுவேன் என்று மாணவர் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதற்கு எஞ்சின் ஓடவேண்டிய தேவைகூட இல்லை.