வெயிலில் ஓடும் மணிக்கூடு நின்றுபோனால்: திருத்துவதா, அப்படியே வைத்திருப்பதா?

கிளிநொச்சியில் எமக்குத் தெரிந்த அம்மா ஒருவரின் அலுமாரியில் சூரிய ஒளியில் ஓடும் கைமணிக்கூடு ஒன்று இருக்கிறது. 2003 இல், ஏ9 வீதி திறந்திருந்த சமாதான காலத்தில், கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவருடைய மகனுக்குக் கொடுத்தது. 2009 இன் தொடக்கத்தில் பட்டி அறுந்துபோனதால் மகன் அதைக் கழற்றித் தாயின் பைக்குள் போட்டுவிட்டார். மகன் திரும்பி வரவில்லை. மணிக்கூடு தாயோடு செட்டிகுளம் முகாமுக்குப் போய், பிறகு ஊருக்குத் திரும்பி வந்தது.

அலுமாரிக்குள் இருட்டில் கிடந்து அது ஒருநாள் நின்றுவிட்டது. கடையொன்றில் கொடுத்தபோது "பற்றறி முடிஞ்சுது" என்று சொல்லிப் புதிதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வருடமளவில் ஓடியது. மீண்டும் நின்றபோது திறந்து பார்த்தால், உள்ளே பற்றறி கசிந்து பொருக்குப் பிடித்திருந்தது.

முதல் தடவை அந்த மணிக்கூட்டில் பெரிய பழுது எதுவும் இருந்திருக்காது என்பதே எமது எண்ணம். பழுது பின்னர் வந்தது, திருத்தியதால் வந்தது. வெளிநாட்டிலிருந்து உறவுகள் அனுப்பிய இத்தகைய மணிக்கூடுகள் எம்மவர் வீடுகளில் நிறையவே இருப்பதால் இதைச் சற்று விரிவாக எழுதவேண்டியிருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

சிற்றிசன் நிறுவனம் 1976 இல் முட்கள் கொண்ட சூரிய ஒளி மணிக்கூட்டை முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அதே நிறுவனத்தின் ஈக்கோ-ட்ரைவ், சீக்கோவின் சோலார், கசியோவின் டஃப் சோலார் ஆகியவையே எமது பகுதிகளில் அதிகம் காணப்படுபவை. மூன்றிலும் அடிப்படை ஒன்றுதான். இலக்கத் தட்டு ஒளியை ஓரளவு ஊடுருவ விடுகிறது. அதன் கீழே மெல்லிய சிலிக்கன் தகடு ஒன்று இருக்கிறது. ஒளி பட்டதும் அது மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரம், திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறக்கூடிய சிறிய பற்றறி ஒன்றில் சேமிக்கப்படுகிறது. முட்களை ஓட்டுவது அந்தப் பற்றறிதான். "சோலார் மணிக்கூட்டுக்குப் பற்றறி இல்லை" என்று பலர் நம்புவது தவறு. பற்றறி இருக்கிறது, ஆனால் அது வேறு வகைப் பற்றறி.

(1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ரோச் லைற் பற்றறிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்ததையும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதையும் வாசகர்கள் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பற்றறி வாங்கத் தேவையில்லாத மணிக்கூட்டின் மீது எமது மூத்தவர்களுக்கு இருக்கும் தனி மரியாதைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

முழுதாகச் சார்ஜ் ஏறிய மணிக்கூடு, ஒளியே இல்லாமல் சாதாரணமாக ஆறு மாதமளவு ஓடும். மாதிரிக்கு மாதிரி இது வேறுபடும். அதற்கு மேலும் இருட்டில் கிடந்தால் பற்றறி அடிவரை வற்றிவிடும். அப்படி வற்றிய நிலையில் வருடக்கணக்காகக் கிடப்பதுதான் அந்தப் பற்றறிக்கு மிகக் கெடுதல். ஆகவே பத்திரமாக இருக்கட்டும் என்று துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைப்பது இந்த வகை மணிக்கூட்டுக்குப் பாதுகாப்பு அல்ல.

கடைக்குப் போவதற்கு முன்

முதலில் விநாடி முள்ளைப் பாருங்கள். ஒவ்வொரு விநாடிக்கும் நகராமல் இரண்டு விநாடிக்கு ஒருமுறை இரட்டையாகத் தாவினால் அது பழுது அல்ல. சார்ஜ் குறைந்துவிட்டது, வெளிச்சத்தில் வை என்று மணிக்கூடு கேட்கிறது. சிற்றிசன், சீக்கோ இரண்டிலும் இந்த அறிவிப்பு உண்டு. இலக்கம் காட்டும் கசியோவில் பற்றறி அடையாளம் குறைந்த நிலையைக் காட்டும் அல்லது திரை வெறுமையாகிவிடும். முற்றாக நின்று மீண்டும் உயிர்பெற்ற சில சிற்றிசன் மணிக்கூடுகளில் விநாடி முள் ஒழுங்கில்லாமல் தாவுவதும் உண்டு. நேரம் பிழை, சரிசெய் என்பதே அதன் பொருள். திருகியை இழுத்து நேரத்தை வைத்து மீண்டும் அமத்தினால் சரியாகிவிடும். திருகி முழுதாக உள்ளே அமந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெளியே இழுபட்ட திருகியோடு "ஓடாத மணிக்கூடு" கடைக்கு வருவது அபூர்வமான விடயமல்ல.

அடுத்தது வெளிச்சம். இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாந்து போகிறார்கள். எமது கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரியும் அறை, மணிக்கூட்டுக்கு ஏறக்குறைய இருட்டு. நல்ல வெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவு. மப்பு நாளில் வெளியே 10,000. மின்குமிழ் எரியும் சாதாரண அறைக்குள் 500 இருந்தாலே அதிகம். வற்றிப்போன பற்றறியை அறை வெளிச்சத்தில் முழுதாக நிரப்ப நூறு மணித்தியாலத்துக்கு மேல் தேவைப்படும். ஒரு பின்னேரம் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு "செத்துப் போச்சு" என்று முடிவெடுப்பது அவசரம்.

அதற்காக யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் சீமெந்துத் தரையிலோ தகரக் கூரையிலோ வைத்துவிடவும் கூடாது. 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால் பற்றறியும் உள்ளிருக்கும் பிளாஸ்ரிக் பாகங்களும் கெடும். வானின் முன் கண்ணாடிக்குக் கீழ் வைப்பதும் அதே ஆபத்துத்தான். காலை வெயில் படும் யன்னல் ஓரத்தில், கண்ணாடிப் பக்கம் ஒளியை நோக்கியபடி, மூன்று நான்கு நாட்கள் வையுங்கள். தொட்டுப் பார்த்தால் கையைச் சுடக்கூடாது. அதுதான் அளவு.

பிறகு ஒரு சோதனை. ஓடத் தொடங்கியதும் இரண்டு இரவும் ஒரு பகலும் லாச்சிக்குள் வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் கடைக்குப் போகவே தேவையில்லை. வெளிச்சத்தில் ஓடி, மூடியதும் நின்றுவிடுகிறது என்றால் சிலிக்கன் தகடும் இயந்திரமும் நலம், பற்றறிதான் சார்ஜைப் பிடித்து வைக்கவில்லை என்று துணிந்து சொல்லலாம். நான்கு நாள் வெளிச்சத்துக்குப் பின்னும் அசைவே இல்லையென்றால் திறந்து பார்த்தாகவேண்டும். சில மாதிரிகள் நீண்ட நேரம் இருட்டில் இருந்தால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தாமாகவே முட்களை நிறுத்திக்கொள்ளும் என்பதையும் மறக்கவேண்டாம். வெளிச்சம் பட்டதும் அவை எழும்பிவிடும்.

கண்ணாடிக்கு உட்புறம் நீராவி படிந்திருந்தால் இந்தச் சோதனைகளையெல்லாம் விட்டுவிட்டு உடனே கொண்டுபோய்த் திறக்கக் கொடுங்கள். கடல் நீரோ களப்பு நீரோ என்றால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம், உப்பு காத்திருக்காது.

ஒரே அளவு, வேறு குணம்

இனி அந்த அம்மாவுக்கு நடந்ததற்கு வருவோம். ஈக்கோ-ட்ரைவ் மணிக்கூடுகள் பலவற்றில் எம்ரி621 அல்லது எம்ரி920 என்ற சார்ஜ் ஏறும் பற்றறி இருக்கும். முதலாவதன் விட்டம் 6.8 மில்லிமீற்றர், இரண்டாவதன் விட்டம் 9.5. சாதாரண மணிக்கூடுகளுக்குப் போடும் எஸ்ஆர்621, எஸ்ஆர்920 ஆகிய வெள்ளி ஒட்சைட் பற்றறிகளும் ஏறக்குறைய அதே விட்டம், அதே தடிப்பு. மின்னழுத்தமும் கிட்டத்தட்ட 1.5 வோல்ற்றுத்தான். எனவே உள்ளே பொருந்தும், மணிக்கூடும் ஓடும். ஆனால் சாதாரண பற்றறி சார்ஜ் ஏற்றுவதற்குச் செய்யப்பட்டதல்ல. வெளிச்சம் படும்போதெல்லாம் சிலிக்கன் தகடு அதற்குள் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது வீங்கும், கசியும். கசிந்த திரவம் செப்புத் தொடுகைகளை அரிக்கும்.

எனவே திருத்துநரிடம் கேட்கவேண்டிய கேள்வி "பற்றறி இருக்கிறதா" என்பதல்ல, "சார்ஜ் ஏறும் பற்றறி இருக்கிறதா" என்பது. கசியோ சிலவற்றில் சீரிஎல்1616 என்ற 2.3 வோல்ற் பற்றறி வரும். அதன் இடத்தில் வேறெதுவும் கூடாது. சிற்றிசன் பற்றறிகள் பலவற்றில் சிறிய உலோகத் தகடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது இல்லாத வெறும் பற்றறியைப் போட்டால் சில மாதிரிகளில் தொடுகையே கிடைக்காது. கேஸின் பின்மூடியில் பொறித்திருக்கும் இலக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். சரியான பற்றறியைத் தேட அதுவே திறவுகோல். எமது ஊரில் கிடைக்காவிட்டால் கொழும்பிலோ வெளிநாட்டு உறவினர் ஊடாகவோ எடுப்பிக்கலாம். அதுவரை வேறொன்றைப் போடாமல் இருப்பதே நல்லது. பற்றறி மாற்றும்போது பின்மூடி ரப்பர் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இறுகிப் போயிருந்தால் அதையும் மாற்றவேண்டும்.

திருத்துவதா?

பற்றறி மட்டும்தான் பழுது என்றால் அனேகமாகத் திருத்தலாம். சிலிக்கன் தகடு தானாகப் பழுதாவது அரிது. தொடுகைகள் அரிக்கப்பட்டு, சுருளும் அறுந்து, இயந்திரம் முழுவதையும் மாற்றவேண்டும் என்றால் புதிதாக ஒன்று வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தினமும் கட்டும் மணிக்கூடு என்றால் அந்தக் கணக்கே போதும். விலை குறைந்த இலக்க மணிக்கூடுகளுக்கு எமது பதில் பெரும்பாலும் "வேண்டாம்" என்பதே.

நினைவுக்காக வைத்திருக்கும் மணிக்கூட்டுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே ஓடுகிறதா என்பதைவிட எது மாறாமல் இருக்கவேண்டும் என்பதே முதல் கேள்வி. கேஸை மினுக்கவேண்டாம், கீறல்களை அழிக்கவேண்டாம், இலக்கத் தட்டை மாற்றவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் சிறிய பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து வையுங்கள். ஓடவைக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தால், உள்ளே யாரோ போட்ட சாதாரண பற்றறி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அதை எடுத்துவிடுங்கள். ஓடாத மணிக்கூட்டையும் கசிவு அழிக்கும்.

அந்த அம்மா திருத்துநரிடம் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, ஓடாட்டிலும் பரவாயில்லை. உள்ளுக்கு இருக்கிறதைக் கழட்டி எறிஞ்சு போடாதேங்கோ." அவர் பொருக்கைத் துடைத்து, கொழும்பிலிருந்து சரியான பற்றறி வரும்வரை மூன்று கிழமை வைத்திருந்து, போட்டுக் கொடுத்தார். புதிய பட்டி போடவா என்று கேட்டதற்கு அம்மா வேண்டாம் என்றுவிட்டார். இப்போது அது பட்டி இல்லாமலே, காலை வெயில் வரும் யன்னல் கட்டில் கிடக்கிறது. பதினொரு மணியளவில் வெயில் ஏறும்போது எடுத்து உள்ளே வைக்கிறார்.