எழுதி ஆற்றிய ரணம்

முதல் உலக மகாயுத்தத்தின்போது, எடின்பரோ நகரருகே நீர்ச்சிகிச்சை விடுதியாயிருந்து 1916-இல் ராணுவ வைத்தியசாலையாக மாறிய கிரெய்க்லாக்கார்ட்டில், மேனியில் வடுவின்றி உள்ளத்தில் காயம்பட்ட அதிகாரிகள் இரவுகளில் துர்ச்சொப்பனங்கண்டு அலறினார்கள்.

1917 ஜூனில் அங்கு வந்த கவிஞர் வில்பிரட் ஓவனுக்கு, செயலே ஔஷதம் என்று நம்பிய டாக்டர் ஆர்தர் பிராக், பூமியைத் தீண்டியதும் பலம் பெறும் கிரேக்கப் புராண வீரன் ஆன்ட்டீயஸைப் பற்றிக் கவிதை எழுதும் பணியைக் கொடுத்தார். 'ஹைட்ரா' என்னும் ஆஸ்பத்திரிச் சஞ்சிகைக்கு ஓவன் ஆசிரியரும் ஆனார். உடன் சிகிச்சை பெற்ற கவிஞர் சசூன் பென்சிலால் செய்த திருத்தங்கள் ஓவனின் கவிதைக் கையெழுத்துப் பிரதியில் இன்றும் காணக்கிடைக்கின்றன. சசூனின் மருத்துவரோ, முன்பு நம் நீலகிரியில் தோடர்களிடையே ஆராய்ச்சி செய்த ரிவர்ஸ். கொடிய நினைவுகளைப் புதைப்பதினும் அவற்றை எதிர்கொள்வதே நலம் என்று போதித்தவர்.

போர்முனைக்குத் திரும்பிய ஓவன், யுத்தம் ஓய ஒரு வாரமே இருக்கையில், 1918 நவம்பர் 4-இல் மாண்டார்.

எழுதித் துயர் ஆற்றும் வழி அன்றே கையாளப்பட்டிருப்பினும், நாளொன்றுக்குப் பதினைந்து நிமிஷம், நான்கு நாள், மனத்துயரை எழுதுவதன் பயனை அமெரிக்காவில் உளவியலாளர் பென்னபேக்கர் ஆராய்ந்து வெளியிட்டது 1986-இல்தான். துயருற்றோர் அருகே தாளும் எழுதுகோலும் வைத்து, அவசரப்படுத்தாமல் காத்திருப்பது நம் கடமை.