கொண்டையும் திமிலும்

மதுரைச் சீமையில் ஒரு பெண் கூந்தலை அள்ளிச் செருகினாலும், உச்சியில் உயர்த்திக் கட்டினாலும், பிடரியில் சுருட்டி வைத்தாலும் இன்று அதற்குக் 'கொண்டை' என்ற ஒரே பெயர்தான். பழந்தமிழ் அவ்வாறு கருதவில்லை. சங்கப் பாடல்கள் மகளிர் கூந்தலை 'ஐம்பால்' எனக் குறிக்கின்றன. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்பது அதன் பொருள். உச்சியில் முடிவது முடி. பக்கத்தில் முடிவது கொண்டை. பின்னே செருகுவது சுருள். சுருட்டி முடிவது குழல். பின்னி விடுவது பனிச்சை என்று உரை வகுத்தோர் விளக்குவர். அளகம், துஞ்சை ஆகியவற்றைச் சேர்த்து வேறு விதமாக எண்ணுவோரும் உளர்.

கொண்டை பக்கத்துக்கு உரியது என்பதற்கு இவ்வட்டாரத்திலேயே சான்றுண்டு. மதுரைக்குத் தென்மேற்கிலுள்ள திருவில்லிபுத்தூரில், ஒரு பக்கமாகச் சாய்ந்த முடிப்பை 'ஆண்டாள் கொண்டை' என்றே வழங்குகின்றனர். காலப்போக்கில் இச்சொல் விரிந்து, தலைமேல் எழுந்து நிற்கும் எதையும் குறிக்கலாயிற்று. சேவலுக்கும் கொண்டை உண்டு. சுலைமான் (அலை) அவர்களிடம் ஸபா நாட்டுச் செய்தியைக் கொணர்ந்த ஹுத்ஹுத், தமிழில் கொண்டலாத்தி எனப்படும் கொண்டையுடைய பறவையே.

சொல் விரிந்ததால் விளைந்த இடர்ப்பாடு ஒன்று நம் கவனத்திற்குரியது. ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக ஒரு நபிமொழி பதிவாகியுள்ளது. நரகத்திற்குரிய இரு கூட்டத்தாரை அது எச்சரிக்கின்றது. அவர்களுள் ஒரு கூட்டத்தாரான பெண்களின் தலைகள் 'அஸ்னிமத்துல் புக்த்' போன்றிருக்கும் என்பது அதில் வரும் உவமை. 'புக்த்' என்பது குராசான் பகுதி ஒட்டக இனம். 'ஸனாம்' என்பதன் பன்மையே 'அஸ்னிமா'. இதற்கு நேரான தமிழ்ச் சொல் திமில். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் காளையின் திமிலைப் பற்றி அணைவதைக் கண்டவர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. பருத்து உயர்ந்து ஒரு புறம் சாயும் வடிவமே அதில் சுட்டப்படுகின்றது.

இமாம் நவவீ (ஹிஜ்ரி 676 / கி.பி. 1277இல் மறைந்தவர்) தம் விரிவுரையில் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களைத் தருகின்றார். தலைப்பாகை, துணி முதலியவற்றைச் சுற்றித் தலையைப் பெரிதாகக் காட்டுதல் என்பது ஒன்று. ஆடவரை நோக்கி, பார்வை தாழ்த்தாது தலை நிமிர்ந்து நிற்றல் என்னும் பொருளும் கூடும் என்பது இமாம் மாஸரீயின் கருத்து. காழீ இயாழ் (ஹிஜ்ரி 544 / கி.பி. 1149இல் மறைந்தவர்) பின்னல்களை மேலே இழுத்து நடுத்தலையில் திரட்டிக் கட்டுதல் என்றார். ஐம்பாலின் அளவுகோலால் நோக்கின், காழீ இயாழ் வருணிப்பது உச்சியில் முடியும் 'முடி'யையே; பழைய 'கொண்டை'யை அன்று.

இவ்வேறுபாடு வெறும் அகராதி ஆராய்ச்சி அன்று. 'கொண்டை போடுவதே ஹராம்' என்று சிலர் சொல்லக் கேட்டு, அடுக்களையில் வியர்வைக்காகக் கூந்தலை அள்ளி முடிந்து முக்காடிட்ட மூதாட்டியும் கலங்குகின்றார். விரிவுரையாளர்களோ பருமன், உயரம், பகட்டு, பார்வை ஆகியவற்றைக் குறித்தே பேசினர். தெருவில் பிறர் கண்ணை ஈர்க்கத் தலையைப் பெருக்கிக் காட்டுவதும், வீட்டில் முடியை ஒதுக்கிக் கட்டுவதும் ஒரே சொல்லால் வழங்கப்படுவதாலேயே ஒரே செயல் ஆகிவிடா. எனவே மொழிபெயர்ப்பில் 'திமில்' என்ற சொல்லைத் திமிலாகவே வைப்பது நேர்மை. அதன் பொருளை அறிஞர்கள் விளக்கட்டும்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அதே நபிமொழி முதலில் குறிப்பிடும் கூட்டத்தார், மாட்டு வால் போன்ற சாட்டைகளால் மக்களை அடிக்கும் கொடியோர். கொண்டையைப் பற்றி ஓயாது பேசும் நாம், அந்தச் சாட்டையைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கின்றோம்?