பில்லா (திரைப்பட வரிசை)

பில்லா, நிழலுலகத் தலைவன் ஒருவனை மையமாகக் கொண்ட தமிழ் அதிரடித் திரைப்பட வரிசை. சலீம்-ஜாவேத் எழுதிய இந்திப் படமான ‘டான்’ (1978) இதன் மூலப்படம். ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கத்தில் ரஜினிகாந்த் இரட்டை வேடமேற்ற முதல் படம் 1980இல் வெளியானது. விஷ்ணுவர்தன் அதை அஜித்குமாரைக் கொண்டு 2007இல் மறுஆக்கம் செய்தார். மலேசியப் பின்னணியும் நிதானமான காட்சியமைப்பும் அதன் தனித்தன்மைகள்.

முன்கதையான ‘பில்லா 2’ (2012) விஷ்ணுவர்தனிடமிருந்து சக்ரி டோலேட்டியின் கைக்கு மாறியது. நாயகனும் இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜாவும் தொடர்ந்தபோதும் இரட்டை வேடம் கைவிடப்பட்டது. ஈழ அகதி ஒருவன் குற்றவுலகில் உயரும் கதை, முந்தைய படத்தின் மிடுக்கைவிட வன்முறையையே முன்னிறுத்தியது. மாறாக, மற்றொரு தமிழ் அதிரடி வரிசையான ‘சிங்கம்’ வரிசையின் மூன்று படங்களையும் (2010, 2013, 2017) ஹரியே இயக்கியதால் அதன் வேகமும் தொனியும் மாறவில்லை. விஷ்ணுவர்தனும் அஜித்தும் ‘ஆரம்பம்’ (2013) படத்தில் மீண்டும் இணைந்தனர்.